இங்கே அம்மா

மார்ச் 9

தங்கைக்கு,

நலமா என்று கேட்ட பிறகே எதையும் தொடங்க வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். கேட்டுவிட்டேன். இனி என் முறையீடுகள்.

1. பிப்ரவரி 26: என் ஒன்பதாவது நாவலின் படிகள் தபாலில் வந்தன. பிரித்ததும் 41ஆம் பக்கம் திறந்துகொண்டது. அதில் ஒரு பெண் அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டுகிறாள். நகக்கண்ணில் கரி ஏறுகிறது. அதை நான் எழுதவில்லை.

2. பிப்ரவரி 27: கையெழுத்து நோட்டை எடுத்து ஒப்பிட்டேன். அந்த இடத்தில் என் பென்சிலால் ஒரு கட்டம் மட்டும் இருக்கிறது. கட்டத்துக்குள் "இங்கே சமையலறை" என்ற இரண்டு சொற்கள்.

3. மார்ச் 1: "இங்கே மழை" என்று நான் கட்டம் போட்ட இடத்தில் ஒன்றரைப் பக்கம் மழை பெய்கிறது. ஒருத்தி கொடியில் கிடக்கும் துணிகளை வாரிக்கொண்டு ஓடுகிறாள். என் மழையில் யாரும் துணி எடுக்க ஓடியதில்லை.

4. மார்ச் 2: எண்ணி முடித்தேன். மொத்தம் ஏழு கட்டங்கள். ஏழும் நிரப்பப்பட்டிருக்கின்றன.

5. மார்ச் 4: ஒரு பத்திரிகையில் மதிப்புரை. "இவரிடம் இதுவரை காணாத ஒரு கை" என்று எழுதியிருக்கிறார்கள். மேற்கோள் காட்டியிருப்பது 41ஆம் பக்கம்.

6. மார்ச் 6: பதிப்பாளரைத் தொலைபேசியில் கேட்டேன். "உங்க தங்கச்சி டைப் பண்ணி அனுப்பினதுதானே சார், வழக்கம்போல" என்றார். அந்த "வழக்கம்போல" இன்னும் என் காதில் கிடக்கிறது.

இருபத்தாறு ஆண்டுகளாக ஒரே முறையில்தான் வேலை செய்திருக்கிறோம். நான் நோட்டின் வலப்பக்கத்தில் எழுதுவேன். இடப்பக்கம் திருத்தத்துக்காகக் காலியாக இருக்கும். எழுத வராத இடத்தில் கட்டம் போட்டுவிட்டு மேலே போவேன். நீ தட்டச்சு செய்து, மீதமிருக்கும் கட்டங்களைப் பட்டியலிட்டு அனுப்புவாய். நான் நிரப்பித் தருவேன், அல்லது எடுத்துவிடச் சொல்வேன். உன் வேலை தட்டச்சு. வாடகை வண்டியில் ஏறி உட்காரும்போது, முன்பு உட்கார்ந்திருந்தவரின் சூடு இருக்கையில் மிச்சமிருக்குமே, என் புத்தகத்தின் பக்கங்களைத் தொடும்போது எனக்கு அந்த அருவருப்பு வருகிறது.

மார்ச் 20க்குள் எழுத்துமூலம் விளக்கம் தேவை. மாப்பிள்ளையின் முழங்கால் தேறியிருக்கும் என நம்புகிறேன்.

அண்ணன்

*

மார்ச் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். இவருக்கு முழங்கால் பரவாயில்லை, படி இறங்கும்போது மட்டும் என்னைத் திட்டுறார். உங்களுக்கு அந்த நெஞ்செரிச்சல் எப்படி இருக்கு? அண்ணியைக் கேட்டதாச் சொல்லுங்க.

ஒரு வாரம் தாமதம், மன்னிச்சுக்குங்க. நான் வேலை பாக்குற வக்கீலம்மாவுக்கு மாசக் கடைசியில வழக்கு நெரிசல். நாள் பூரா அவங்க சொல்லச் சொல்ல டைப் அடிச்சுட்டு வந்தா, வீட்டுல ஒரு வரி எழுத விரல் வளையறதில்லை.

விளக்கம் கேட்டிருந்தீங்க. கட்டங்களோட லிஸ்டை செப்டம்பர்ல அனுப்பினேன். அக்டோபர்ல ஒண்ணு, நவம்பர்ல ஒண்ணு. மூணுக்கும் பதில் இல்லை. போன் பண்ணினா அண்ணிதான் எடுத்தாங்க. "அடுத்த நாவல்ல உட்கார்ந்துட்டார், எழுதற மாசத்துல தபாலும் பிரிக்க மாட்டார், போனுக்கும் வர மாட்டார்"னாங்க. பதிப்பாளர் தினம் கேட்டார். ஏழு இடத்துல வெறும் கட்டத்தோட புத்தகம் போட முடியுமா? சும்மா இருக்கறவர் சம்மதம்தான் சொல்றார்னு நினைச்சேன்.

அச்சுப்படியும் நீங்க பாக்கறதில்லை, எப்பவும் நான்தான். அதனால நீங்க கடைசிவரைக்கும் பாக்கவே மாட்டீங்கன்னு ஒரு தைரியமும் இருந்துச்சு. அதை மறைக்கலை.

வக்கீலம்மா 41ஆம் பக்கம் படிச்சுட்டு, "உங்க அண்ணன் வீட்டுல பாத்திரம் கழுவுவாரா?"ன்னு கேட்டாங்க. கழுவுவார்னு சொல்லி வெச்சிருக்கேன்.

அன்புடன்,
எறும்பு

*

ஏப்ரல் 2

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா வைத்த செல்லப்பெயரில் கையெழுத்திட்டால் குற்றம் சிறிதாகிவிடாது.

மேசையின் கீழ் இழுப்பறையில் உன் மூன்று உறைகளும் பிரிக்காமல் கிடந்தன, நேற்றுதான் பிரித்தேன். எழுதும் மாதங்களில் தபால் பிரிப்பதில்லை என்பது என் விதி. அதை நான் பேட்டிகளில்கூடச் சொல்லியிருக்கிறேன். காலை ஐந்து மணிக்கு எழுவது, குளிர்ந்த நீரில் முகம் கழுவுவது, மூன்று பென்சில்களைச் சீவி வைப்பது, கதவைச் சாத்துவது, நான்கு பக்கம் முடியாமல் கதவைத் திறக்காதிருப்பது. இளம் எழுத்தாளர்கள் இந்த அட்டவணையைக் குறித்துக்கொள்கிறார்கள். ஒழுங்குதான் எழுத்து என்று நானும் நம்பி வந்திருக்கிறேன்.

ஒருவன் ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் காத்திருப்பதற்குப் பொருள் இருக்கிறது. கிடைக்கவில்லையென்றால் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும். காலி இடம் அவமானமல்ல. இன்னொருவர் கைபட்ட இடம் அவமானம். உன் சமையலறையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். குறை கண்டுபிடிக்கவே படித்தேன். ஊறிய சோற்றுப்பருக்கை வடிகுழாயில் அடைத்துக்கொள்ளும் வரியில் நிறுத்தினேன். அது நன்றாக இருக்கிறது. அதனால் எனக்குக் குமட்டுகிறது.

ஆறு கட்டங்களைப் படித்துவிட்டேன். ஏழாவதை இன்னும் படிக்கவில்லை. 201ஆம் பக்கத்தில் தொடங்குகிறது என்று தெரியும். அந்த இடத்தில் புத்தகத்துக்கு ஒரு காகிதக் கிளிப் போட்டு வைத்திருக்கிறேன். அதில் நான் எழுதியிருந்தவை "இங்கே அம்மா" என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. அங்கே நீ என்ன செய்திருக்கிறாய் என்று இந்த மாதம் 15ஆம் தேதிக்குள் எழுது.

அண்ணன்

*

ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்களும் அண்ணியும் அப்படியே இருப்பீங்கன்னு நம்பறேன்.

அஞ்சு நாவலா அந்தக் கட்டத்தை டைப் அடிச்சிருக்கேன். நாலாவதுல வந்துச்சு, அஞ்சுல வந்துச்சு, எட்டு வரைக்கும் விடாம வந்துச்சு. கதையில வேற வேற அம்மா, கட்டத்துக்குள்ள எப்பவும் அதே ரெண்டு வார்த்தை. லிஸ்ட் அனுப்பினா, "ஏழாவதை எடுத்துவிடு", "மூன்றாவதை எடுத்துவிடு"ன்னு நம்பரைப் போட்டு எழுதுவீங்க. நான் எடுத்துடுவேன். இந்த தடவைதான் எடுத்துவிடுன்னு வரலை.

கிளிப்பை எடுத்துட்டுப் படிங்க. ஒன்பது பக்கம்தான்.

அன்புடன்,
தங்கை

*

மே 6

தங்கைக்கு,

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

எனக்கு முன்பே உன் அண்ணி படித்துவிட்டாள். பள்ளியிலிருந்து வந்தவள், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் என் அறை வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்த நீலத் துவாலை இதுதானா? நான் ரொம்ப நாள் தேடினேன்."

அதன் பிறகுதான் படித்தேன்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்த வீட்டில், என் அறைக்கு அடுத்த அறையில், அம்மா ஒன்பது நாட்கள் கிடந்து இறந்தாள். நீ வந்திருந்து பார்த்துக்கொண்டாய். உன் அண்ணி பகலில் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. நான் மூன்றாவது நாவலை முடித்துக்கொண்டிருந்தேன். இருமல் சத்தம் கேட்காமலிருக்கக் கதவின் அடியில் ஒரு துவாலையைச் சுருட்டி வைத்தேன். இதை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். இப்போது புத்தகம் வாங்கிய ஆயிரத்து இருநூறு பேர்.

நாவலில் வருபவன் எழுத்தாளன் அல்ல, வரைபடங்கள் தயாரிப்பவன் என்று நீ சொல்லலாம். கதவு என்னுடையது. துவாலை என்னுடையது. தன் தாயின் மூச்சைத் துணி வைத்து அடைத்தவனை ஒன்பது பக்கத்துக்கு ஒரு வசைச்சொல் இல்லாமல் எழுதியிருக்கிறாய். அந்த நிதானம்தான் அருவருப்பாக இருக்கிறது. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

இரண்டாம் பதிப்பு செப்டம்பரில் அச்சுக்குப் போகிறது. 201 முதல் 209 வரை நீக்கி, முன்பின் வாக்கியங்களை இணைத்து, மறுதட்டச்சு செய்து மே 31க்குள் பதிப்பாளருக்கு அனுப்பு. அனுப்பியதை எனக்கு எழுத்தில் தெரிவி.

அண்ணன்

*

ஜூன் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் நலம். வெயில் அதிகம்தான், ஆபீஸ்ல மின்விசிறி ஒண்ணு ஓடுது, ஒண்ணு சும்மா தொங்குது. நீங்க மத்தியானத்துல வெளிய போகாதீங்க.

அந்த ஒன்பது பக்கத்தை நான் எடுக்கலை. எடுக்கவும் மாட்டேன். உங்க புத்தகம், நீங்களே பதிப்பாளருக்கு ஒரு வரி எழுதினா எடுத்துடுவார்.

இதோட பேப்பர்ல வந்த ஒரு துண்டு வெச்சிருக்கேன். வக்கீலம்மா வெட்டிக் குடுத்தாங்க. மே 24 கூட்டம்னு போட்டிருக்கு.

அன்புடன்,
தங்கை

[இணைப்பு: நூலகக் கூட்டச் செய்தி. தலைப்பு: "தாய் இறக்கும் அத்தியாயத்தைப் பதினோரு முறை திருத்தினேன்: எழுத்தாளர் உருக்கம்"]

*

ஜூன் 20

தங்கைக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி இந்தக் கடிதத்துக்கு இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். செய்தித்தாளில் வந்தது பாதி. மீதியை நானே எழுதுகிறேன். இதை வேறொருவர் எழுதி நீ படிக்கக் கூடாது.

நூலகத்தின் மாடிக்கூடம். அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகள். வழக்கமான கேள்விகள்: எப்போது எழுதுவீர்கள், பென்சிலா பேனாவா, கற்பனையா அனுபவமா. வழக்கமான பதில்களைச் சொன்னேன். ஐந்து மணி, குளிர்ந்த நீர், மூன்று பென்சில், சாத்திய கதவு. "சாத்திய கதவு" என்றபோது என் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது. அதை நான் கேட்டேன்.

பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார். மருத்துவமனையில் நோயாளிகளைக் குளிப்பாட்டும் வேலையாம். சீருடையோடு வந்திருந்தார். 204ஆம் பக்கத்தை மெதுவாக, எழுத்துக்கூட்டிப் படித்தார். மகள் ஈரத்துணியைச் சுட்டுவிரலில் சுற்றித் தாயின் உதட்டை நனைக்கும் இடம். பிறகு கேட்டார்: "ஐயா, துணியை அப்படியே வெச்சா மூச்சு முட்டும், விரல்ல சுத்தித்தான் வைக்கணும். அது பக்கத்துல இருந்து செஞ்சவங்களுக்குத்தான் தெரியும். நீங்க கூட இருந்தீங்களா?"

"கூடவே இருந்தேன்" என்றேன்.

யாரும் கட்டாயப்படுத்தவில்லை. யோசிக்கவும் இல்லை; சொல் தயாராக இருந்தது. பதினோரு முறை திருத்தியதாகச் சொன்னது அதற்குப் பிறகு. அறுபது பேர் கைதட்டினார்கள். அந்த அம்மாள் கைதட்டவில்லை. புத்தகத்தை மார்போடு வைத்துக்கொண்டு எனக்குத் தலை வணங்கினார். பதினெட்டு நாட்களுக்கு முன்பு எந்தப் பக்கங்களைக் கிழித்தெறியச் சொன்னேனோ, அவற்றுக்காக அந்த வணக்கத்தை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அதுவும் ஒரு நாடகம் என்று பாதியில் தெரிந்தது.

இப்போதும் ஐந்து மணிக்கு எழுகிறேன். பென்சில் சீவுகிறேன். கதவைச் சாத்திவிட்டு அதன் அடியில் இருக்கும் இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பத்தாவது நாவலின் நோட்டை எப்போதும்போல் உனக்கு அனுப்பியிருக்கிறேன். பாதி பக்கங்கள் கட்டங்கள். அதைவிட, நீ இதுவரை எனக்கு எவ்வளவு எழுதியிருக்கிறாய் என்று தெரிய வேண்டும். பதிப்பாளர் சொன்ன "வழக்கம்போல" எப்போதிருந்து? ஜூலை 5க்குள் எழுது.

அண்ணன்

*

ஜூலை 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்குங்க. உங்களுக்குத் தூக்கமே இல்லைன்னு அண்ணி போன்ல சொன்னாங்க.

அஞ்சாம் தேதிக்குள்ள கேட்டிருந்தீங்க. நாலு தடவை எழுதி நாலையும் கிழிச்சேன். நீங்க ஒரு வார்த்தைக்கு ஒரு வாரம் காத்திருக்கறதைக் கேலி பண்ணியிருக்கேன், இனிமே மாட்டேன்.

வழக்கம்போலன்னா நாலாவது நாவல்லேருந்து. அப்ப ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை. நீங்க "கதவைச் சாத்தினான்"னு பக்கத்துக்கு மூணு தடவை எழுதுவீங்க, ஒண்ணை "போனான்"னு மாத்துவேன். அப்புறம் ஒரு வரி. ஏழாவது நாவல்ல பேருந்துல தூங்கற பொண்ணு, அது நான் எழுதினது. உங்களுக்குப் பிடிச்ச இடம்னு ஒரு பேட்டியில சொன்னீங்க. அன்னிக்கு ஆபீஸ்ல என்னையறியாம சிரிச்சுட்டு, வக்கீலம்மாகிட்ட திட்டு வாங்கினேன்.

திருடணும்னு செய்யலை. உங்க நோட்டோட இடப்பக்கம் எப்பவும் காலியாவே வந்துச்சு. திருத்தத்துக்குன்னு சொல்வீங்க, திருத்த மாட்டீங்க. வருஷக்கணக்கா அந்தக் காலிப் பக்கத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா யாருக்கும் கை போகும்.

பத்தாவது நோட்டைத் திருப்பி அனுப்பறேன். டைப் அடிக்கலை. இனிமே அடிக்க மாட்டேன், கோபத்துல சொல்லலை. எனக்குன்னு ஒரு நோட்டு வாங்கியிருக்கேன். ரெண்டு பக்கமும் எழுதறேன்.

ஏழாவது கட்டத்தைப் பத்தி இத்தனை கடிதத்துல நீங்க துவாலையைப் பத்தி மட்டும்தான் குறைப்பட்டீங்க. அது நிஜம்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அந்த ஒன்பது பக்கத்துல ஒரே ஒரு வரிதான் பொய். எதுன்னு உங்களுக்கும் தெரியும்.

அன்புடன்,
எறும்பு

*

ஆகஸ்ட் 8

தங்கைக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

தெரியும். 207ஆம் பக்கம், மேலிருந்து ஐந்தாவது வரி. தாய், "பெரியவன் எங்க?" என்று கேட்கிறாள். மகள், "வேலையா இருக்கான்" என்கிறாள். தாய் சொல்கிறாள்: "இருக்கட்டும், கதவைத் தட்டாதே." அடுத்த வரி: "அவள் தட்டவில்லை."

நீ தட்டினாய்.

ஒன்பதாம் நாள், மாலை நான்கு மணி. இரண்டு முறை. முதல் முறை மெதுவாக, இரண்டாவது உள்ளங்கையால். தேநீர் என்று நினைத்தேன் என்று பத்தொன்பது ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். தேநீருக்கு யாரும் உள்ளங்கையால் தட்ட மாட்டார்கள். "அப்புறம்" என்றேன். ஆறு மணிக்கு நான்கு பக்கங்களையும் முடித்துவிட்டுக் கதவைத் திறந்தபோது துவாலை காலில் தடுக்கியது. நீ அம்மாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்தாய். ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அந்தத் தட்டல் கேட்டபோது எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் மூன்றாவது நாவலின் 88ஆம் பக்கத்தில் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். சாதாரண வாக்கியம். ஒருவன் வாசலில் செருப்பைக் கழற்றுகிறான். அவ்வளவுதான். அடுத்து வந்த ஐந்து நாவல்களிலும் நான் கட்டம் போட்டுக் கட்டம் போட்டு எடுத்துவிடச் சொன்னது, இந்தச் செருப்பைக் கழற்றுகிறவனுக்காக நான் கதவைத் திறக்கவில்லை என்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக.

என் மீது இரக்கப்பட்டு ஒரு வரி பொய் எழுதினாய். அதற்காக நீ அம்மாவின் வாயில் வைத்த பேச்சுதான் அந்த அத்தியாயத்திலேயே பலவீனமானது. தாய்மார்கள் அவ்வளவு வசதியாகப் பேசுவதில்லை. தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அது தவிர அந்த ஒன்பது பக்கங்களில் நான் கைவைக்க ஒன்றுமில்லை.

ஆகவே என் முடிவுகள். 201 முதல் 209 வரை இரண்டாம் பதிப்பில் இருக்கும். ஏழு கட்டங்களையும் எழுதியவள் நீ என்று முதல் பக்கத்தில் அச்சாகும். பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன், அவர் மூன்று முறை "யோசிச்சுச் சொல்லுங்க சார்" என்றார். நூலகத்துக்கும் ஒரு கடிதம் போயிருக்கிறது, அந்த மருத்துவமனை அம்மாளிடம் சேர்க்கச் சொல்லி. அதில் ஒரே வரி: நான் கூட இருக்கவில்லை.

207ஆம் பக்கத்து வரியை மட்டும் மாற்ற வேண்டும். நீ திருப்பி அனுப்பிய நோட்டின் இடப்பக்கத்தில் நானே எழுதினேன். அம்மாவின் கட்டத்துக்குள் முதன்முதலாக நானே எழுதியிருக்கிறேன். "அவள் இரண்டு முறை தட்டினாள். அவன் அப்புறம் என்றான். அவள் திரும்பிப் போனாள்." இதற்கு மூன்று வாரம் ஆகவில்லை, மூன்று நிமிடம் ஆனது.

அதற்கு மேல் என்னால் எழுத முடியாது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். நீ திரும்பிப் போனபோது அம்மாவுக்கு நினைவு இருந்ததா? என்னைப் பற்றிக் கேட்டாளா? நீ என்ன பதில் சொன்னாய்? அதைக் கேட்டுவிட்டு அவள் என்ன சொன்னாள்?

அந்த இடத்தில் கட்டம் போட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். உள்ளே ஒன்றும் எழுதவில்லை. அச்சகம் செப்டம்பர் 10ஆம் தேதி பக்கங்களைக் கேட்கிறது. எனக்குச் செப்டம்பர் 5க்குள் உன் கையெழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசியில் சொல்லாதே, அண்ணி வழியாகச் சொல்லி அனுப்பாதே. அம்மா ஒன்றும் கேட்கவில்லை என்றால் ஒன்றும் கேட்கவில்லை என்று எழுது. என்னைச் சபித்திருந்தால் சபித்ததை எழுது. எனக்காக ஒரு சொல்லையும் மாற்றாதே.

தினமும் தபால் வரும் நேரத்துக்கு வாசலில்தான் இருக்கிறேன். வந்த உடனே பிரிப்பேன்.

அண்ணன்